பாம்பு போட்ட கால்மிதி

வெளிநாட்டு ஆர்டர் அது. மஞ்சள் துணியில் சுருண்ட பாம்பு, அதன் கீழே ஒரு வரி ஆங்கிலம். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ராஜாவை எதிர்த்துச் சண்டைக்குப் போனவர்கள் கொடியில் எழுதிப் பிடித்த வரி என்று, செக்கிங்கில் இருக்கும் தாரணி போனில் பார்த்துச் சொன்னாள். "என்னை மிதிக்காதேன்னு அர்த்தமுங்கக்கா."

"அதைக் கொண்டுபோயி கால்மிதியில போட்டிருக்கறானுங்க பாரு," என்றாள் பாவாயி. தையல் பிரிவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வழியில் இருந்ததென்று அவளுடைய சோற்றுத் தூக்குவாளியை முந்தின நாள்தான் மேனேஜர் ஷூக்காலால் எத்தியிருந்தார். அவள் மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு, பிடிக்கவில்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் உள்ளே வந்தபோது, வாசலிலிருந்து அவருடைய அறைவரை, சுவருக்குச் சுவர் தரை மஞ்சளாக இருந்தது. பெண்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள்.

"என்ன இது? எடுங்க எல்லாத்தையும்."

"கால்மிதிதானுங்க சார்," என்றாள் பாவாயி. "மிதிச்சுட்டு வாங்க."

அவர் விறுவிறுவென்று நடந்தார். வழியில் நின்ற அவளை நெருங்கும்போது ஷூ அந்த எழுத்தின்மேல் பட்டது. புத்தகத்தில் கால் பட்டால் சின்ன வயதிலிருந்து என்ன செய்வாரோ, அதை உடம்பு தானாகச் செய்தது. சட்டென்று குனிந்து, அந்த வரியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

கையை எடுத்தபோது எதிரில் மெட்டி போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"சரி, போதுமுங்க சார்," என்றாள் பாவாயி. "எந்திரிங்க."