பொட்டு வைத்த சுருள்

அற்புதராஜுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது.

மரச்சுத்தியால் தட்டித் தட்டிச் செம்புக் கம்பியைச் சுற்றிய வலி. ஆளுயரச் சுருள். சுற்றுக்குச் சுற்று ஒட்டாமல் இருக்கப் பருத்தி நாடா, நாடாவின்மேல் அரக்கு.

ஊருக்குள் எங்காவது மின்கம்பி அறுந்து விழுந்தால், வெறிபிடித்துப் பாயும் கரண்டை இந்தச் சுருள்தான் மறித்து நிறுத்தும். ஆனால் நாடா ஓரிடத்தில் கிழிந்திருந்தாலும் போதும். இரண்டு சுற்று ஒன்றையொன்று தொடும், சுடும், சுருள் முழுவதும் எரியும்.

போன சுருள் அப்படித்தான் எரிந்தது. அதைச் சுற்றியவர்கள் இப்போது தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை தூக்குகிறார்கள்.

மத்தியானம் துரை வந்து பார்ப்பார். அதற்கு முன்பே ஒரு தடவை சோதித்துவிடுவது வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வேலாயுதத்தின் வழக்கம். ஒவ்வொரு சுற்றிலும் மிளகளவு மெழுகை ஒட்டிவிட்டுக் கரண்டு விடச் சொல்வார். பழுதான சுற்று மற்றவற்றை முந்திக்கொண்டு சூடேறும். அங்கே மெழுகு உருகும்.

இன்று பார்த்து மெழுகு டப்பாவை எலி காலி செய்திருந்தது.

வேலாயுதம் எலியின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். அற்புதராஜ் கொஞ்சம் தயங்கி, மடியை அவிழ்த்து ஒரு மெழுகுத் துண்டை நீட்டினான்.

ஏது என்று யாரும் கேட்கவில்லை. பிய்த்து, உருட்டி, ஒட்டினார்கள்.

"பொட்டு வச்சாச்சு. தலைக்குப் பூ வச்சா பொண்ணு தயார்" என்று சிரித்துக்கொண்டே கூட்டாளி யாக்கூப் மின்விசைக் கட்டையைத் தள்ளினான்.

சுருள் உறுமியது.

யாரும் இமைக்கவில்லை.

கீழ்வரிசையில் ஒரே ஒரு பொட்டு பளபளத்தது. பிறகு கண்ணீர்போல வழிந்தது.

வேலாயுதம் கத்துவதற்குள் யாக்கூப் கட்டையை இழுத்துவிட்டான். அரக்கு கருகும் வாடை அப்போதுதான் மூக்கில் ஏறத் தொடங்கியிருந்தது.

மர ஆப்பைச் செருகிச் சுற்றை விலக்கிப் பார்த்தார்கள். சுத்தி பட்டு நாடா கிழிந்திருந்தது. அந்தப் பக்கம் சுத்தி பிடித்தவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஓங்கி அடிச்சவனும் நீ, காட்டிக்கொடுத்தவனும் நீ. உன்னை உதைக்கவா, கட்டிக்கவாடா?"

வேலாயுதம் இரண்டையும் செய்தார். வலித்த தோளிலேயே அறைந்தார். அற்புதராஜ் அலறிக்கொண்டே சிரித்தான்.

புது நாடா, புது அரக்கு, விளக்குச் சூட்டில் உலர்த்தல். துரை வந்தார், கரண்டு விட்டுப் பார்த்தார். புகை இல்லை. தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் சிராங்கூன் ரோட்டு அறை வாசலிலேயே மனைவி பிரிஜட் நின்றாள்.

"வேலை நிலைச்சுருச்சு பிரிஜட்!"

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் சொன்னேன்ல! காலையில போற வழியில மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டுத்தானே போனீங்க?"

ஆலைச் சங்கு ஊதிவிட்டதென்று கோயிலைத் தாண்டி ஓடியவன், மடியை அவிழ்த்தான். சுருளிலிருந்து சுரண்டி எடுத்த அழுக்கு மெழுகு உருண்டை. அதில் ஒட்டிக்கொண்டு, நெருப்பே காணாத திரி.

லூர்து மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி பாக்கி.