மணி வளையல்

"உங்க பொம்மை ரயிலாலதான் கத்துது!"

"என் ரயில் என்னடி பண்ணுச்சு? உன் மணி டப்பாவா இருக்கும்!"

கோமளமும் அவள் கணவர் தணிகாசலமும் போட்ட கூச்சலை மீறி, வாசல் நிலையில் இருந்த கதிர்மானி அலறியது. வெளிநாட்டுப் பார்சல்களில் கதிரியக்கம் வரத் தொடங்கியபின், தண்ணீர் மீட்டர் போல வீட்டுக்கு வீடு வைத்த பெட்டி அது. இரண்டு வாரம் பழுதாகிக் கிடந்து இன்றுதான் சரியாகியிருந்தது.

தணிகாசலம் மணி டப்பாவைத் தூர வைத்துவிட்டு, ரயிலை மட்டும் அதன் முன்னால் நீட்டினார். கதிர்மானி வாய் மூடிக்கொண்டது.

"பாத்தியா! என் ரயில் பரம சாது!" என்று குதித்தவர், கோமளம் பார்சலில் வரவழைத்து வளையல் கோக்கும் கண்ணாடி மணி டப்பாவை நீட்டினார். பெட்டி வீறிட்டது.

"ஜெயிச்சுட்டேன்!" என்றவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "பாதிதானே இருக்கு? மீதி எங்கே?"

கோமளம் பதறிப்போய் போனை எடுத்தாள். போன வாரம் வளைகாப்பு முடிந்து, மருமகள் தாய்வீட்டில் இருந்தாள். அவளுடைய அம்மா விசாலம் எடுத்ததும் கோமளம் கத்தினாள்.

"சம்பந்தி, நான் போட்ட மணி வளையலையெல்லாம் உடனே கழட்டி வெளியே எறியச் சொல்லுங்க! ஒண்ணுகூட வேண்டாம்!"

"பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாதுன்னீங்க. கை உறுத்துதுன்னு அவ ஒண்ணைக் கழட்டினதுக்கே சபையில அந்தக் குதி குதிச்சீங்க. இப்ப எல்லாத்தையும் எறியச் சொல்றீங்களே, அப்படி என்னத்தை சம்பந்தி எம்பொண்ணு கையில போட்டுவிட்டீங்க?"