சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று

ஸக்கியா சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

நோன்பு மாதத்தின் நட்ட நடுப்பகல். மாதவிலக்கான பெண்களுக்கு நோன்பு இல்லைதான். ஆனாலும் வீட்டு ஆண்கள் கண்ணில் படச் சாப்பிடுகிற வழக்கம் ஸ்பாக்ஸ் நகரில் கிடையாது.

மேசையில் ரொட்டி, சூரைமீன், அவித்த முட்டை. பக்கத்தில் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா.

எதிரே அக்கா மஹ்பூபா. அடுத்த தெருவிலிருந்து கூப்பிட்டதும் வந்துவிட்டாள்.

"எனக்கும் இன்னிக்குத்தான்டி," என்றபடி ரொட்டியைப் பிய்த்தாள்.

ஸக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வீட்டிலும் இப்படித்தான். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும் நாளில் அக்காவும் சொல்லிவைத்தாற்போல் வந்து உட்காருவாள். இரண்டு பேரும் அடுப்பு மூலையில் திருட்டுத்தனமாகத் தின்பார்கள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். சாம்பல் பூனை அக்காவின் காலையே சுற்றிச் சுற்றி வரும்.

நோன்பு மாதத்தில் ஊரே இளைக்க, இந்தப் பூனை மட்டும் கொழுக்கிறதே என்று அப்பா சிரிப்பார்.

அந்த ரொட்டியின் ருசி பிறகு எந்த விருந்திலும் ஸக்கியாவுக்குக் கிடைக்கவில்லை. தனியாக உட்கார்ந்தால் வலியில் ஒரு வாய் இறங்காது.

அந்த வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் இருப்பதே போன வருஷம்தான் தெரிந்தது. ஒருமுறை கத்தி வைத்தும் திரும்ப வந்துவிட்டது. வழக்கமான மருந்தோடு மீன் எண்ணெயையும் சாப்பிட்டுப் பாருங்கள், சிலருக்குக் கேட்கிறது, உறுதியில்லை என்றார் டாக்டர். இதுவும் கேட்காவிட்டால் மறுபடி கத்திதான். வெறும் வயிற்றில் போட்டால் மாத்திரை அப்படியே வாந்தியாகிவிடுகிறது.

"முட்டையை முழுசாத் தின்னுடி. மீன்காரர் மக, மீன் எண்ணெய்க்கா இப்படி மூஞ்சியச் சுளிக்கிற?"

ஸக்கியா சிரித்துக்கொண்டே தின்றாள். மாத்திரையும் இறங்கியது. இறங்கிய இடத்தில் நின்றது.

டப்பாவை மூடும்போது மூடி கைதவறி உருண்டது. எடுக்கக் குனிந்தாள்.

மேசைக்கு அடியில் அவள் வீட்டுப் பூனை சூரைமீனை மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பிய்த்த ரொட்டித் துண்டுகள், கடிக்காத பாதி முட்டை.

நிமிர்ந்தாள். அக்காவின் வெறும் வாய் மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

ஸக்கியா மூடியை டப்பாவில் திருகினாள்.

"நாளைக்கும் வருவியாக்கா?"

"வராம? எனக்கும் இன்னும் நாலு நாள் இருக்கே."