அழியாத மை

ஒருவரே இரண்டு தடவை அரிசி வாங்கிவிடக் கூடாது என்று அந்த நீல மையை வரவழைத்தவள், நிவாரண முகாமின் பொறுப்பாளர் சுகிர்தாதான். அரிசி வாங்குகிறவர் சுண்டுவிரலை அதில் தோய்க்க வேண்டும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் ஒரு மாதத்துக்குப் போகாது.

இன்று அரிசி மூட்டைகளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கூடாரங்களுக்குப் பின்னால் சனம் குந்தியிருந்து, கருங்கல்லில் விரலை உரசிக்கொண்டிருந்தது. சில விரல்களில் இரத்தம். அதற்குள்ளும் நீலம் தெரிந்தது.

"என்ன செய்யிறீங்கள்?" என்றாள் சுகிர்தா.

அவர்களில் ஒருத்தியான பவளம் நிமிரவில்லை. "பாலத்தடியில ஆயுதக்காரர் துவக்கோட நிக்கிறாங்கள், மிஸ். விரலைக் காட்டச் சொல்லுறாங்கள். நீலமெண்டா, எதிரியின்ர அரிசி திண்ட ஆளெண்டு கூட்டிக்கொண்டு போறாங்கள். விறகுக்குப் போன என்ர மனுசன் இன்னும் வரேல்ல." உரசுவதை நிறுத்தாமலே கேட்டாள்: "இது எதால போகும்?"



ஜீப் ஓட்டுநர் கூப்பிட்டார். "ஏறுங்கோ மிஸ். பாலத்தில அவங்கள் இன்னும் கனபேர் கூடுறதுக்கு முதல் போயிடுவம்."

ஜீப் கதவைத் திறக்கப் போன சுகிர்தாவின் கை பாதியில் நின்றது. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் அவள் சிரித்தபடி தோய்த்த விரல் அந்தக் கையில்தான் இருந்தது.

திரும்பி வந்து குந்தினாள். பவளம் சற்றே ஒதுங்கி, கல்லில் இடம் விட்டாள்.