கம்பி இல்லாத சன்னல்

“எல்லாச் சன்னலுக்கும் கம்பி போட்டுரு, ராக்கையா,” என்றார் ஓட்டல் முதலாளி நாகலிங்கம்.

கொத்தனார் ராக்கையாவுக்குப் பகீரென்றது. பம்பாய் மோஸ்தரில், கப்பல் மாதிரி வளைந்து நிற்கும் இப்படியொரு ஓட்டலைக் கம்பம் ஊர் இந்த 1938-ஆம் வருஷம்தான் முதன்முதலாகப் பார்க்கிறது. மூலை திரும்பியும் விடாமல் ஓடுகிற அந்தக் கண்ணாடிச் சன்னல்தான் அதற்கு அழகே.

“கம்பி போட்டா செயிலு மாதிரி ஆயிரும், முதலாளி.”

“போடாட்டி களவு போயிரும்.”

“ஒரு பய வரமாட்டான். நான் பொறுப்பு.”

“அப்படியா? இன்னிக்கு ராத்திரி நீயே அந்த ரூமுல படு. விடியிற வரைக்கும் ஒண்ணும் நடக்கலைன்னா கம்பி வேண்டாம்.”

ராக்கையா மேற்கே பார்த்தான். சூரியன் மலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ராத்திரி தங்க முடியாது, முதலாளி. போகலைன்னா தேடி வந்துருவாக.”

“பொண்டாட்டிக்கு அம்புட்டுப் பயமா?” நாகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, ஓடு. நாளைக்குக் கம்பி வந்துரும்.”

ராக்கையா ஓட்டமும் நடையுமாகப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் பெருவிரலை மையில் அழுத்தினான். வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் பெயர் பதிந்த ஆண்கள் அத்தனை பேரும் ராத்திரி அங்கேதான் படுக்க வேண்டும். திருடியிருக்க வேண்டும் என்பதில்லை, சட்டம் குறித்துவைத்த சாதியில் பிறந்திருந்தால் போதும். ஏட்டு தலைகளை எண்ணிவிட்டுக் கம்பிக் கதவைப் பூட்டினார்.

“சன்னல் என்னாச்சுண்ணே?” பக்கத்தில் படுத்திருந்த சின்னக்கருப்பு கேட்டான்.

“கம்பி போடணுமாம். களவாணிப்பயலுக வந்துருவாய்ங்களாம்.”

சின்னக்கருப்பு எழுந்து உட்கார்ந்து, வரிசையாகக் கிடந்தவர்களை ஒரு முறை பார்த்தான்.

“யாருண்ணே வருவா? நாமதான் எல்லாரும் இங்கன கெடக்கோமே!”