பேர்னாட்டுக்கு எந்த இடம்

"பேர்னாட்ட முன்னுக்கு இருத்தாத. துடுப்ப வீசி ஆர்ட மண்டையாவது உடைப்பான்" என்றாள் எமிலி.

தினுஷன் சிரித்தான். அவளுடைய மகன் பேர்னாட்டின் கூட்டாளி அவன். ஞாயிறு பூசை முடிந்ததும் செட்டிபாளையத்து வீட்டுக்கு வந்துவிடுவான். படகுச் சவாரிக்குப் பேர்போன கித்துல்கல ஆற்றின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினான். கல்லும் நுரையுமாகப் பாய்ந்தது தண்ணீர்.

"அப்ப பின்னுக்கு, எனக்குப் பக்கத்தில இருக்கட்டும் மாமி."

"போன கிழமை மழை, போகேலாது எண்டாய். இந்தக் கிழமை என்ன?"

"மேல அணை திறந்திருக்காம். தண்ணி இறங்கட்டும்."

"போட்டுல இருந்து விழுந்தா?"

"நம்மட வாவியில மாதிரி எழும்பி நிக்கப்படாது. கல்லுக்குள்ள கால் மாட்டினா வெள்ளம் ஆள அமத்திப்போடும். மல்லாந்து மிதக்க வேணும்." குரல் இறங்கிற்று. தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

"நீ நிண்டிராத மனே, கேட்டியா?"

"ஓம் மாமி. வாற ஞாயிறு திகதி சொல்றன்."

கேற்றடியில் பேர்னாட்டின் தங்கை சர்மிலா அவனை மறித்தாள்.

"இன்னும் எத்தின நாளைக்கு இந்த நடிப்பு, அண்ணா? நம்மட அண்ணன அந்த ஆத்தில இருந்து கொண்டுவந்து அடக்கம் செஞ்சு ரெண்டு மாசமாகுது. அம்மா மறந்திட்டா எண்டு நாமளும் மறந்த மாதிரி இருக்கிறதா?"

"மாமிக்கு அவன் இன்னும் உயிரோட இருக்கான். அதயும் நான் பறிக்கிறதா?" தினுஷன் தலை நிமிரவில்லை. "கூட்டிப்போனது நான். விழுந்தவன எழும்பி நில்லுடா எண்டு கத்தினதும் நான். வாவியில விழுந்தா அப்பிடித்தானே கத்துவம்."

 சர்மிலாவின் பார்வை அவனைத் தாண்டிப் போனது.

அவன் உள்ளே மறந்துவிட்டு வந்த மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றோடு எமிலி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கிட்ட வந்து அதை அவன் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள்.

"எனக்கு ஒண்டும் மறக்கல்ல மனே, இப்பிடிக் கேக்காட்டி நீ இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாயே."