மணலுக்குக் கூலி வேண்டாம்

கண்ணாடிக்காரருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து தண்ணீர் அள்ளிய இடுப்பு. மீன்கள் வாளிக்கு மாறி, ஆறடி நீள மீன் தொட்டி பாதி காலியாகி நிற்க, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நிமிர முடிந்தது.

"மெதுவா அத்தான். தொட்டியை ஒட்ட வந்துட்டு உங்களை ஒட்ட வேண்டியதாயிடப் போகுது," என்றான் மைத்துனன்.

"உன் வாயில இருக்கிற தெம்பு கையில இருந்தா நான் எதுக்குடா குனியறேன்? குழாயைப் பிடி மாப்ள."

முன்பக்கக் கண்ணாடியில் கீழ் மூலையிலிருந்து ஒரு முழத்துக்குக் கோணலாக விரிசல் ஓடியிருந்தது. பீரோவை நகர்த்துகிறேன் பேர்வழி என்று அந்த வீட்டு நர்ஸம்மாவின் அண்ணன் இடித்த இடி. இடித்ததோடு விடாமல், மனுஷனே போயாச்சு, இனி மீன் எதுக்கு, தூக்கி எறி என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை.

நர்ஸம்மா யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு நின்றாள். ஷிப்டுக்கு நேரமாகியும் கால் நகரவில்லை.

"ஒட்டினா தாங்குமா அண்ணே?"

"உள்பக்கமா இன்னொரு கண்ணாடி வெச்சு ஒட்டறோம்மா. மூணு நாள் காயட்டும். அப்புறம் யானை வந்து சாஞ்சாலும் தாங்கும்."

"யானையெல்லாம் எனக்கு வேணாம். இது இப்படியே இருந்தாப் போதும். அவர் போனதுக்கப்புறம் இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்." "மணலை அப்படியே ஒரு டப்புல அள்ளி வெச்சிடுங்க. கழுவ வேணாம்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "மணலைக் கழுவிடாதீங்க அண்ணே." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மைத்துனனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மைத்துனன் கண்ணடித்தான். "மணல் கழுவத் தனிக் கூலின்னு போன்ல சொன்னேன்ல. அதான் அம்மா இவ்வளவு உஷாரா இருக்காங்க."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். டிவி மாட்டியிருந்த சுவரில் நாலு ஓட்டைகள் மட்டும் மிச்சமிருந்தன. புருஷனின் வைத்தியம் எதையெல்லாம் தின்றது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொட்டி காய்ந்ததும் வேலை வேகமெடுத்தது. பிளேடால் பாசியைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, விரிசலைச் சுற்றிப் பசையைப் பிதுக்கி, வெட்டி வந்த கண்ணாடியை உள்ளே வைத்து அழுத்தினார்கள்.

"மூச்சு விடாதே மாப்ள. ஒரு குமிழ் நின்னாலும் அது வழியா ஒழுகும்."

"மூச்சு விடாம எவ்வளவு நேரம் அத்தான்? அப்புறம் தம்பி போயிட்டான்னு உங்க பொண்டாட்டிதான் வந்து அழணும்."

"அவ ஏண்டா அழப்போறா? அழுத்து."

குமிழ் நிற்கவில்லை. கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. டப்பில் அள்ளி வைத்திருந்த மணல்தான் குப்பென்று நாறியது.

"இவ்வளவு பளபளன்னு வேலை செஞ்சு, அதுக்குள்ள இந்தக் கருமத்தையா கொட்டறது?" என்றார் கண்ணாடிக்காரர். "புருஷனை வாரிக் குடுத்துட்டு நிக்கிற பொம்பளை. கூலி வேணாம். கழுவி விட்டுட்டுப் போவோம்."

"தர்மப் பிரபுவே! தர்மம் உங்களது, இடுப்பு என்னதா?"

முணுமுணுத்துக்கொண்டே டப்பைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனான். மேல் மணலில் பச்சையாக அழுக்கு வந்தது. டப்பின் அடியைக் கிளறியதும் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல் வெளுத்தது. விரலிடுக்கில் வெள்ளையாகச் சிறு துண்டுகள் அகப்பட்டன.

கண்ணாடிக்காரர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "சிப்பி போலிருக்கு. ஆனா கனமே இல்லையே."

"பழசானா எல்லாம் இத்துப்போகும் அத்தான். ஊத்துங்க."

தண்ணீர் தெளிகிறவரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். சாக்கடை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

ஷிப்டு முடிந்து நர்ஸம்மா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியிடம் போனாள். ஒட்டிய இடத்தின் வெளிப்பக்கத்தை விரல் நுனியால் தடவினாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் இளகியது.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே."

"மணலையும் பாருங்கம்மா!" மைத்துனன் டப்பை முன்னால் தள்ளினான். செய்ய முணுமுணுத்தவனுக்குக் காட்டுவதில் மட்டும் பெருமை.

அவள் குனிந்தாள். கையை மணிக்கட்டு மறையும்வரை மணலுக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். மறுபடி விட்டாள். மறுபடி அள்ளினாள்.

"அடியில இருந்தது எங்கே?"

"அது அழுக்கும்மா. சாக்கடையில ஊத்தியாச்சு," என்று சிரித்தார் கண்ணாடிக்காரர். "இப்ப பாருங்க, சர்க்கரையாட்டம் இருக்கு. பயப்படாதீங்க, இதுக்குன்னு நீங்க எங்களுக்கு எதுவும் தர வேண்டாம்."

நர்ஸம்மா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணலுக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரரோட சாம்பலை நீங்கதான் எனக்குத் தரணும்."